ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு நட்சத்திரங்களுக்கும் மாஸ்க் போட்டவன் எழுதுவது

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் உங்கள் தங்கையும் நலம். அங்கே நீங்களும் சம்பந்தி அம்மாவும் நலமாகத்தான் இருப்பீர்கள், உங்களுக்கு என்ன குறைச்சல். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்து எழுதச் சொன்னாள் என் மனைவி. விசாரித்துவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போன ஞாயிற்றுக்கு முந்தின ஞாயிறு, என் மகள் பல் மருத்துவமனை திறந்த அன்று, அதன் வரவேற்பறையில், கையில் ஜூஸ் டம்ளரோடு, பதினேழு பேர் முன்னால், நான் எடுத்த வானத்துப் படத்தைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை சொன்னீர்கள். பதினேழு என்பது குத்துமதிப்பு இல்லை. அவமானப்படுகிறவன் ஆளை எண்ணிவிடுவான். "நம்ம சம்பந்தி மாஸ்க் போடாம ஷார்ப்பன் பண்ணிட்டார். நட்சத்திரம் ஒவ்வொண்ணையும் சுத்தி மை தீட்டின மாதிரி கறுப்பு வளையம். அதான் படத்தை உள்ள போட்டுட்டோம்" என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். உங்கள் வான்நோக்குவோர் மன்றத்துத் தொப்பிக்காரர் சிரித்த சிரிப்பில் தொப்பியே கழன்று விழுந்தது. அதை எடுத்துக் கொடுத்தவனும் நான்தான். அவ்வளவு மரியாதை தெரிந்தவன் நான்.

மாஸ்க் போடாமலா? நானா? சம்பந்தி, முப்பத்தொரு வருடம் கார்களுக்கு ஸ்பிரே பெயிண்ட் அடித்தவன் நான். ஒரு காரைப் பெயிண்ட் அடிக்க அரை நாள் போதும். அதற்கு மாஸ்க் போட ஒன்றரை நாள் வேண்டும். கண்ணாடி, விளக்கு, கைப்பிடி, கதவோரத்து ரப்பர் என்று எதன் மேல் பெயிண்ட் விழக்கூடாதோ அதன் மேலெல்லாம் தாளை வைத்து டேப்பை ஒட்டி, நகத்தால் ஓரத்தை நீவி, அதன் பிறகுதான் துப்பாக்கியைக் கையில் எடுப்பேன். ஒரு தடவை ஒரு காரின் பின்பக்க பம்பரில் வீட்டுக்குழந்தை ஒட்டிய பூனை ஸ்டிக்கர் ஒன்று இருந்தது. பிய்த்துப் போட்டுவிட்டு அடிக்கச் சொன்னார் கார்க்காரர். குழந்தை அழும் என்று நான் பிய்க்கவில்லை. பூனையின் மீசைக்குக்கூட ஒவ்வொரு மயிராக டேப்பைக் கீறி ஒட்டி, மீசைக்கு நடுவில் பெயிண்ட் அடித்துக் கொடுத்தேன். அந்தக் கையைப் பார்த்துத்தான் நீங்கள் மாஸ்க் போடவில்லை என்கிறீர்கள்.

இந்த வம்பில் என்னை மாட்டிவிட்டவரே நீங்கள்தான் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். இனிமேல் பெயிண்ட் வாசனையே ஆகாது என்று டாக்டர் சொல்லி, கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு நான் பாட்டுக்கு வீட்டில் நாற்காலியில் கிடந்தேன். பக்கத்து வீட்டு மதில் எத்தனை கோட் அடித்திருக்கிறது என்று யோசித்துக்கொண்டு நிம்மதியாக இருந்தேன். கண்ணாடிக்கடை வைத்து ஊரார் கண்ணுக்கெல்லாம் நம்பர் போட்டுக் கொடுக்கிறவர் நீங்கள். அந்த வேலையோடு நில்லாமல் உங்கள் பழைய தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு வந்து, "சும்மா உக்காந்திருக்காதீங்க சம்பந்தி, மேல பாருங்க" என்றீர்கள். நானும் பார்த்தேன். அதுதான் நான் செய்த தப்பு.

பதினோரு நாள் சாயங்காலம் இருட்டியதும் மொட்டை மாடிக்குப் போய், வேட்டைக்காரன் நட்சத்திரக் கூட்டத்தின் வாளில் இருக்கிற அந்த ஒளிமேகத்தைப் படம் எடுத்தேன். நெபுலா என்று நீங்கள் சொல்லித்தான் எனக்கு அதன் பெயர் தெரியும். முதல் நாள் எதிர்வீட்டுக் குளியலறை விளக்கு எரிந்தது. இரண்டாம் நாள் தண்ணீர் மோட்டார் ஓடி மாடியே அதிர்ந்து, நட்சத்திரமெல்லாம் புழுவாக நெளிந்தது. நான்காம் நாள் உங்கள் தங்கை கொடியில் காய்ந்த துணியை எடுக்க வந்தவள், போர்வையோடு சேர்த்து கேமரா வயரையும் இழுத்துக்கொண்டு கீழே போய்விட்டாள். "என்னங்க, இந்தப் போர்வைக்கு ஏன் வால் இருக்கு?" என்று படியிலிருந்து கேட்டாள். ஒரு வார்த்தைகூட நான் கோபமாகப் பேசவில்லை. இப்படி எடுத்த நூற்று நாற்பது படங்களையும் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்க, மாப்பிள்ளை கொடுத்த பழைய கம்ப்யூட்டர் இரண்டு நாள் முனகியது. அவ்வளவுக்குப் பிறகும் படம் லேசாக மங்கல்தான். உங்களிடம் கேட்டேன். நீங்கள் மூக்குக்கண்ணாடிச் சீட்டு ஒன்றின் பின்பக்கத்தில் ஒரே வரி எழுதிக் கொடுத்தீர்கள். சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. "ஷார்ப்பன் செய்யும்போது நட்சத்திரங்களைக் காப்பாற்ற மாஸ்க் போடவும்." அவ்வளவுதான். கடையில் ஆள் நிற்கிறார்கள் என்று உள்ளே போய்விட்டீர்கள்.

காப்பாற்ற மாஸ்க் போடவும். இதை எனக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டுமா? மேகத்தைக் கூர்மையாக்க வேண்டும், நட்சத்திரத்தின் மேல் அது படக்கூடாது. எனவே நட்சத்திரத்தை மூட வேண்டும். கண்ணாடியை மூடிவிட்டுக் கதவுக்குப் பெயிண்ட் அடிக்கிற அதே வேலை. கம்ப்யூட்டரில் மாஸ்க் என்று ஒரு தாளைத் திறந்தேன். முழுக்கக் கறுப்பாக வந்தது. தூரிகையை எடுத்து, வெள்ளையைத் தொட்டு, ஒவ்வொரு நட்சத்திரத்தின் மேலும் ஒரு வெள்ளை வட்டம் ஒட்டினேன். வெள்ளைத் தாள் ஒட்டுவது எனக்குப் புதிதா என்ன? பெரிய நட்சத்திரத்துக்குப் பெரிய வட்டம், பொடி நட்சத்திரத்துக்குக் கடுகளவு வட்டம். ஓரத்தை அப்படியே விட்டால் கோடு விழும் என்று ஒவ்வொரு ஓரத்தையும் மெத்தென்று நீவிவிட்டேன். இதைத் தானாகவே செய்கிற பொத்தான் ஒன்று இருக்கிறது என்று மாப்பிள்ளை சொன்னார். பூனை மீசைக்கு டேப் கீறினவனிடம் பொத்தானைப் பற்றிப் பேசலாமா? அவர் போன பிறகு கையாலேயே செய்தேன். ஒன்பது நாள். ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு நட்சத்திரங்கள். நோட்டில் நாளுக்கு நாள் கோடு போட்டு வைத்திருக்கிறேன், வந்தால் காட்டுகிறேன். ஆனால் நீங்கள் வரப்போவதில்லை, ஏன் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

மாஸ்க் போட்டு முடித்து, திரையில் ஷார்ப்பன் அளவைக் கூட்டுகிற கம்பியை மவுஸால் பிடித்து இழுத்தேன். மேகம் அசையவில்லை. இன்னும் இழுத்தேன். அது பாட்டுக்குப் பஞ்சுமூட்டையாகக் கிடந்தது. கடைசி எல்லை வரை இழுத்து, அதற்கு மேல் இழுக்க இடமில்லாமல் விட்டேன். அதற்கும் அந்த மேகம் மசியவில்லை என்றால் கோளாறு யாருடைய தொலைநோக்கியில் என்று நான் வாய் திறந்து சொல்லியிருக்கலாம். உறவு கருதிச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்: உங்கள் தொலைநோக்கியில். இன்னொன்று. நட்சத்திரங்களைச் சுற்றிக் கறுப்பு வளையம் வந்தது உண்மைதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் தொழிலில், ஒட்டின டேப்பை உரிக்கும்போது ஓரத்தில் ஒரு மெல்லிய கோடு நிற்கும். அந்தக் கோட்டைப் பார்த்தால் இங்கே ஒருவன் மாஸ்க் போட்டு வேலை செய்திருக்கிறான் என்று பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். ஆக, எதை வைத்து நான் மாஸ்க் போடவில்லை என்று நீங்கள் சிரித்தீர்களோ, அதுவேதான் நான் போட்டதற்குச் சாட்சி. கண்ணாடிக்கடைக்காரருக்கு இது கண்ணில் படவில்லை.

வரவேற்பறைச் சுவருக்கு வருகிறேன். ஆறடிக்கு நாலடி. வாசலுக்கு நேர் எதிரே, யார் உள்ளே நுழைந்தாலும் கண்ணில் படுகிற சுவர். "அந்தச் சுவர் உங்களுக்குத்தான் சம்பந்தி, அப்பா எடுத்த படம் இருந்தாத்தான் பொண்ணுக்கு அழகு" என்று சொன்னது யார் வாய்? அந்த வார்த்தையை நம்பி நான் என் தம்பியை, கடைப் பையன்களை, நசுங்கின காரைத் தட்டி நிமிர்த்துகிற பக்கத்து டிங்கர் வேலைக்காரரை, எல்லாரையும் திறப்பு விழாவுக்கு அழைத்துக்கொண்டு வந்தேன். சுவரில் என்ன இருந்தது? நிலா. நீங்கள் எடுத்த நிலா. கீழே மூலையில் உங்கள் கையெழுத்து. நிலாவை எடுக்க என்ன வித்தை வேண்டும்? அது என்ன ஓடி ஒளிகிற பொருளா? டிங்கர் என்னைப் பார்த்து, "அண்ணே, இதுவா நீங்க ஒன்பது நாள் உக்காந்து செஞ்சது? நல்லா வட்டமா வந்திருக்குண்ணே" என்றார்.

அப்போதுதான் நீங்கள் டம்ளரோடு வந்து அந்த வார்த்தையைச் சொன்னீர்கள். என் மகள் ஓடி வந்து, "அப்பா, கோவப்படாதீங்க, உள்ள வந்து ஒரு தடவை பாருங்கப்பா" என்று கையைப் பிடித்தாள். உள்ளே என்றால் எங்கே என்று எனக்குத் தெரியாதா? மருந்து அட்டைப்பெட்டி அடுக்குகிற அறை இருக்கும், துடைப்பம் சாத்துகிற மூலை இருக்கும். அங்கே போய்ப் பார்த்துப் பல்லைக் காட்டிவிட்டு வரச் சொல்கிறாளா? நான் கையை உதறிவிட்டு வெளியே வந்துவிட்டேன். பெற்ற மகளின் கையை. திறப்பு விழா அன்று. அதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது, அந்த எரிச்சலுக்கும் நீங்கள்தான் பொறுப்பு.

அன்றிலிருந்து நான் கடைப்பக்கம் தலைகாட்ட முடியவில்லை. தம்பிக்குச் சாவி கொடுக்கப் போனேன். உள்ளேயிருந்து ஒருத்தன், "அண்ணே வர்றாரு, மாஸ்க்கைப் போடுங்கடா!" என்று கத்தினான். எல்லாரும் ஒரே சிரிப்பு. யாருக்கு டேப் ஒட்டச் சொல்லிக்கொடுத்தேனோ அவர்களெல்லாம் சிரித்தார்கள். தம்பியும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான், முதுகு குலுங்கியதைப் பார்த்தேன். வீட்டில் உங்கள் தங்கையோ, "அவர் விளையாட்டுக்குச் சொன்னார், விடுங்களேன்" என்கிறாள். அண்ணனை விட்டுக்கொடுக்கமாட்டாளாம். கல்யாணத்தில் ஒரு தடவை பார்த்தவுடன் நீங்கள் அவளுக்கு அண்ணன் ஆகிவிட்டீர்கள், முப்பது வருடம் கூட இருந்த நான் யாரோ.

ஆகவே நான் முடிவாகச் சொல்வது இது. வருகிற சனிக்கிழமை மன்றக் கூட்டத்தில் நீங்கள் எழுந்து நின்று, "நான் சொன்னது தவறு" என்று அதே பதினேழு பேர் முன்னால் சொல்ல வேண்டும். தொப்பிக்காரர் கட்டாயம் இருக்க வேண்டும். நிலாவைக் கழற்றிவிட்டு, துடைப்ப மூலையில் கிடக்கிற என் படத்தை எடுத்துத் துடைத்து அந்தச் சுவரில் மாட்ட வேண்டும். அதுவரை நான் அந்த மருத்துவமனை வாசற்படியை மிதிக்க மாட்டேன். உங்கள் வீட்டுக்கும் வரமாட்டேன். நீங்களும் இங்கே வர வேண்டாம். உங்கள் தொலைநோக்கியைத் துடைத்துப் பெட்டியில் போட்டு, பெட்டியைக் கயிற்றால் கட்டி, கயிற்றுக்கு முடிச்சும் போட்டாயிற்று. யாரையாவது அனுப்பி எடுத்துக்கொள்ளவும். இதற்கு மேல் எழுதினால் மரியாதை கெட்டுவிடும், இதுவரை கெடவில்லை என்று நினைக்கிறேன்.

சம்பந்தி அம்மாவுக்கு என் வணக்கம். மாப்பிள்ளை நூறு வயது இருக்கட்டும். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, இப்படி ஓர் அப்பா வாய்த்தது அவர் குற்றமா? உங்கள் முழங்காலும் சீக்கிரம் குணமாகட்டும், சனிக்கிழமை எழுந்து நிற்க வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் மகனின் மாமனார்

பின்குறிப்பு: இதை எழுதி உறையை ஒட்டியது செவ்வாய்க்கிழமை. இன்று வெள்ளி. உறையைப் பிரித்துத்தான் இதைச் சேர்க்கிறேன். புதன்கிழமை காலையில் வலது பக்கக் கடைவாய்ப்பல் இரண்டாகப் பிளந்துவிட்டது. "பத்து நாளா நறநறன்னு கடிச்சீங்களே, இரும்பா இருந்தாலும் பிளக்கும்" என்றாள் உங்கள் தங்கை. வேறு பல் டாக்டரிடம் போகிறேன் என்றேன். அவள் ஆட்டோவை அழைத்து, நேரே நம் மகளிடம் கொண்டுபோய் நிறுத்திவிட்டாள். வரவேற்பறையில் நிலாவை நான் பார்க்கவில்லை. வலது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நடந்ததால் அந்தப் பக்கமே தெரியவில்லை.

உள்ளே நாற்காலியில் சாய்த்தாள். சாய்த்தவுடன் நேர் மேலே, கூரையில், என் படம். ஆறடிக்கு நாலடி. சுற்றி விளக்கு வேறு போட்டிருக்கிறது. நான் பேச வாயைத் திறந்தேன், அவள் அந்த வாயிலேயே ஊசியைப் போட்டுவிட்டாள். பிறகு ஒரு பச்சை ரப்பர் ஷீட்டை எடுத்து, நடுவில் ஒரு ஓட்டை போட்டு, அந்தக் கெட்ட பல் மட்டும் ஓட்டை வழியாக வெளியே தெரிகிற மாதிரி வாயில் மாட்டினாள். வேலையெல்லாம் அந்த ஓட்டையில்தான் நடந்தது, மற்றப் பல் ஒன்றிலும் சொட்டுத் தண்ணீர்கூடப் படவில்லை. நல்ல மாஸ்க், நானே போட்டிருந்தாலும் இப்படித்தான் போட்டிருப்பேன் என்று நினைத்துக்கொண்டே மேலே பார்த்தேன். மேலே, வெள்ளை வைத்த நட்சத்திரங்கள் அத்தனையும் வளையம் வளையமாக வெட்டுப்பட்டுக் கிடக்கின்றன. வெள்ளை வைக்காத மேகத்தின் மேல் ஒரு கீறல்கூட இல்லை. சம்பந்தி, கம்ப்யூட்டரில் வெள்ளை என்பது ஒட்டின தாள் இல்லை. தாளில் வெட்டின ஓட்டை. நான் ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு நட்சத்திரங்களையும் தேடித் தேடி, ஒவ்வொன்றுக்கும் ஓட்டை வெட்டி, மிச்ச வானத்தையெல்லாம் பத்திரமாக மூடிவைத்திருக்கிறேன். இதை ஒத்துக்கொள்ளவோ மறுக்கவோ முடியாமல் நாற்பது நிமிடம் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தேன்.

மகள் வேலை செய்துகொண்டே பேசினாள். "உள்ள வச்சது மாமா இல்லப்பா, நான். வெளிய உக்காந்திருக்கிறவங்க செல்போனைத்தான் பாக்குறாங்க. இங்க படுத்திருக்கிறவங்களுக்கு மேல பாக்குறதைத் தவிர வேற வழியே இல்ல. எல்லாரும் வளையத்தை எண்ணுறாங்க. நேத்து ஒரு மீசைக்காரர், ஊசின்னாலே எழுந்து ஓடுறவராம், நூத்தி எழுபது வரைக்கும் எண்ணினார். பல்லைப் பிடுங்கி முடிச்சப்புறமும் எந்திரிக்க மாட்டேங்கிறார், கணக்கு விட்டுப் போயிடுமாம். எல்லார்கிட்டயும் சொல்றேன்பா, மொத்தம் ஆயிரத்து நூத்திப் பன்னெண்டு, எங்கப்பா ஒவ்வொண்ணையும் கையால செஞ்சார்னு." என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வலிக்கிறது என்று நினைத்து இன்னொரு ஊசி போட்டுவிட்டாள். அன்று உதறின கையால்தான் அவள் கையைப் பிடித்து இது வலி இல்லை என்று காட்டினேன். பிடித்த கையை அவள் வெகுநேரம் விடவில்லை.

வீங்கின கன்னத்தோடு வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தேன். மாஸ்க்கைத் திருப்பிப் போட ஒரே ஒரு பொத்தான் இருக்கிறது. அமுக்கினேன். கம்பியைக் கால்வாசிகூட இழுக்கவில்லை, மேகம் மடிப்பு மடிப்பாக எழுந்து வந்துவிட்டது. நட்சத்திரம் ஒன்றின் மேலும் ஒரு கீறல் இல்லை, வட்டம் ஒன்றுகூட இடம் விலகவில்லை. உங்கள் தொலைநோக்கியில் கோளாறு இல்லை என்பதால் முடிச்சை அவிழ்த்துவிட்டேன். திருத்தின படத்தை இத்துடன் வைத்து மாப்பிள்ளை கையிலேயே கொடுத்தனுப்புகிறேன், உங்கள் வீட்டில் மாட்டிக்கொள்ளுங்கள். நிலா அந்தச் சுவரிலேயே இருக்கட்டும். மருத்துவமனைக் கூரையில் இருப்பதை மட்டும் யாரும் தொடக்கூடாது.

ஆனால் நாளை சனிக்கிழமை நீங்கள் எழுந்து நின்றுதான் ஆக வேண்டும். நான் மாஸ்க் போடவில்லை என்று நீங்கள் சொன்னது அப்பட்டமான பொய். சம்பந்தி மாஸ்க் போட்டார், ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டுக்கும் போட்டார், அத்தனையையும் தலைகீழாகப் போட்டார் என்று தொப்பிக்காரர் காதில் விழும்படி உரக்கச் சொல்லுங்கள். இதில் ஒன்று குறைந்தாலும் மேலே எழுதிய கடிதம் எழுதியபடியே நிற்கும்.